இடப்பக்கம் மட்டும்

1

இந்தக் கதை என் வீட்டுக் குழாயில் வந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே குழாயில்தான் வந்தது. ஒரு காலையில் தம்ளரில் தண்ணீர் பிடித்தேன். அடியில் வெட்டிப்போட்ட நகம் மாதிரி வெள்ளையாக ஏதோ கிடந்தது. வாஷர் பிய்ந்து வந்துவிட்டது போல என்று விரலை விட்டேன். நகம் சுருண்டுகொண்டது. பிறகு ஒருக்களித்துப் படுத்தவாக்கில் தம்ளரை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப என் விரலுக்கு அடியிலேயே வந்து நின்றது.

குடிநீர் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். ஒவ்வொரு மேசையாக மாற்றிவிட்டு, கடைசியில் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் எடுத்தார்.

"கண்ணு இருக்கான்னு பாருங்க."

"யாருக்கு?"

"அதுக்குத்தான்."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல்.

"அப்ப பயப்படாதீங்க. பூமிக்கு அடியில, ஊத்துக்குள்ள இருக்கிற பிராணி. ஆம்பிபாடுன்னு சொல்லுவோம். கூனி இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். இருட்டுலயே பொறந்து இருட்டுலயே போயிடும், அதுக்கு எதுக்குக் கண்ணு?"

"இப்ப இதை நான் என்ன பண்றது?"

"இங்க கொண்டு வாங்க. கை கால் எல்லாம் பிரிச்சுப் பார்த்தாதான் எந்த இனம்னு சொல்ல முடியும்."

நான் கொண்டு போகவில்லை. தம்ளரை மேசை ஓரத்தில் வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். அந்தக் குரலுக்கு ஓர் உடம்பு கொடுத்தேன், ஒரு வீடு கொடுத்தேன், லென்ஸக்கா என்று பட்டப்பெயரும் வைத்தேன். குரல் மட்டும்தான் இரவல். மிச்சமெல்லாம் என் கைவேலை.

2

முதல் வரைவின் முதல் வரி இது:

[லென்ஸக்கா மகளை எழுப்பிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.]

அடைப்புக்குள் போட்டிருப்பதற்குக் காரணம், இந்த வரி இப்போது கதையில் இல்லை. பின்னால் நீங்கள் குழம்பக்கூடாது என்று இங்கேயே போட்டு உடைத்துவிடுகிறேன். முதல் வரைவில் லென்ஸக்காவுக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். நான்தான் எடுத்துவிட்டேன்.

நன்றாகத்தான் வந்திருந்தாள், பொய் சொல்லக்கூடாது. மேல்வரிசையில் ஒரு பல் விழுந்திருக்கும். சட்டையை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொள்வாள். பொத்தான் முதுகுப் பக்கம் இருந்தால் அம்மா வந்துதான் போட்டுவிட வேண்டும், அதுதான் அவள் கணக்கு. தண்ணீரைக் குடித்து முடித்த பிறகும் தம்ளரை வாயிலிருந்து எடுக்கமாட்டாள். உள்ளே 'ஊ' என்று ஊதிக்கொண்டே இருப்பாள்.

"போதும்டி, தம்ளர் அழுவுது" என்பாள் லென்ஸக்கா.

"அழல, பாடுது" என்பாள் மகள்.

தினமும் காலையில் இது நடக்கும். அந்த வீட்டின் சுப்ரபாதம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பிறகு ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். திகிலாக ஒரு கதை எழுதுகிறோம், அதில் ஒரு குழந்தை வந்தால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? ஐயோ, அந்தக் குழந்தைக்கு ஏதோ ஆகப்போகிறது என்று முதல் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அது மலிவான வித்தை. எனக்கு அது பிடிக்காது. போதாததற்கு என் கதைகளை முதலில் படிக்கும் என் தம்பி ஒருவன் இருக்கிறான், கத்தரிக்கோலோடு பிறந்தவன். "குழந்தைக்குக் கதையில என்ன வேலை? தண்ணி குடிக்குது, ஊதுது. தூக்கிடு" என்றான்.

தூக்கினேன். அரைகுறையாக இல்லை, துப்புரவாக. அவள் வருகிற வரிகளை அழித்தேன், அவள் செருப்பை அழித்தேன், சாப்பாட்டு மேசையின் மூன்றாவது நாற்காலியை அழித்தேன். அவள் படுக்கிற சின்ன அறை காலியாகிவிட்டது. வீடு ஓட்டையாகத் தெரியக்கூடாதே என்று, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற அவள் அப்பாவின் பழைய கம்ப்ரஸர்களை அந்த அறையில் அடுக்கினேன். கச்சிதமாக இருந்தது. அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

3

ஆக, கதை இப்படித் தொடங்குகிறது. லென்ஸக்காவுக்கும் கணவருக்கும் பிள்ளை இல்லை. அது அவர்களுக்கு ஒரு குறையாகவும் இல்லை. காலையில் அவர் ஃப்ரிட்ஜுகளைப் பார்க்கப் போவார், அவள் கூனிகளை, அதாவது அந்தக் கண்ணில்லாத பிராணிகளை, பார்க்கப் போவாள்.

ஆய்வுக்கூடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நீள மேசை, ஒழுகுகிற குழாயோடு ஒரு தொட்டி, கதவைச் சாத்தினால் திறந்துகொள்கிற ஒரு ஃப்ரிட்ஜ், ஜன்னலைப் பார்த்து ஒரு நுண்ணோக்கி. ஊருக்குத் தண்ணீர் தரும் ஊற்றுகளிலிருந்து ஜாடி ஜாடியாக மாதிரி வரும். கொண்டுவருகிறவரை எல்லோரும் ஜாடிக்காரர் என்பார்கள். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. லென்ஸக்காவுக்கு மட்டும் அண்ணன்.

கூனிகளை முகத்தைப் பார்த்து இனம் பிரிக்க முடியாது. எல்லாம் பார்க்க ஒரே அச்சு. முன்னங்கை எந்தச் சாய்வில் முடிகிறது, தாடையின் ஓரம் எப்படிப் பல்லிட்டிருக்கிறது, வால் நுனிக் காலில் முள் எத்தனை, வித்தியாசமெல்லாம் அங்கேதான். அதனால் உறுப்புகளை ஒவ்வொன்றாக ஊசியால் கழற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, படம் வரைய வேண்டும்.* அதற்கு ஒரு முறை உண்டு. இடது பக்கத்தை மட்டும் கழற்றுவார்கள். வலது பக்கத்தில் கை வைக்கமாட்டார்கள். நாளைக்கு ஒருவர் வந்து "நீ வரைந்தது தப்பு" என்றால் சரிபார்க்க அது அப்படியே இருக்க வேண்டும்.

(* வெட்டிய கால் திரும்ப முளைக்கும் ஜாதி இது. அடுத்த தோலை உரிக்கும்போது வந்துவிடும், ஆனால் சின்னதாக, முள் குறைந்து வரும். இது புரியாமல், மறுமுளைப்புக் காலைப் பார்த்துப் புது இனம் என்று அறிவித்துவிட்டு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றவர்கள் உண்டு. அதனால் லென்ஸக்கா எந்தக் காலைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் கேட்டுக்கொள்வாள்: கூடப் பிறந்ததா, பிறகு முளைத்ததா? இந்தக் குறிப்பை மறந்துவிடாதீர்கள்.)

மலையடியில் கல்லால் கட்டிய ஓர் ஊற்றறை இருக்கிறது. இரும்புக் கதவைத் திறந்து குனிந்து நுழைய வேண்டும். அங்கிருந்து வந்த ஜாடியில் ஒரு பெண் கூனி. அதன் முன்னங்கை லென்ஸக்காவுக்குத் தெரிந்த எந்த இனத்திலும் அடங்கவில்லை. அவளுக்குக் காது சூடேறியது. நெஞ்சுக்குக் கீழே தகடுகள் கூடி ஒரு கூடை மாதிரி ஆகியிருந்தன, கூடைக்குள் குஞ்சுகள். அம்மாவை அச்சில் வார்த்துச் சின்னதாக்கிய மாதிரி, ஒவ்வொன்றும் சுருண்டு கிடந்தது.

தாயைக் குஞ்சுகளோடு சோடாத் தண்ணீரில் விட்டு மயக்கினாள். குஞ்சுகளைப் பீச்சுக்குழலால் மெல்லத் தள்ளி, ஊற்றுத் தண்ணீர் இருந்த கிண்ணத்தில் விட்டாள். தாயை ஆல்கஹாலில் போட்டு, இடது கால்கள், இடது முன்னங்கை, இடது தாடை எல்லாவற்றையும் கழற்றித் தகட்டில் ஒட்டினாள். வேலை சுத்தமாக முடிந்தது. கிண்ணத்துக் குஞ்சுகள் மயக்கம் தெளிந்து ஓடின. அவற்றுக்கும் ஆல்கஹால் ஊற்ற வேண்டும், அதுதான் முறை. பாட்டிலைக் கையில் எடுத்தாள். ஊற்றவில்லை. கிண்ணத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

ஏன் ஊற்றவில்லை என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாது. சத்தியமாக நான் பாட்டிலைச் சாய்க்கத்தான் எழுதினேன்.

4

இந்த இடத்திலிருந்துதான் எனக்கு மண்டை காய ஆரம்பித்தது.

லென்ஸக்கா வீட்டில் கத்தி, கத்தரிக்கோல், பினாயில் பாட்டில் எல்லாம் அலமாரியின் உச்சியில் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் முக்காலி போட்டு ஏறி எடுக்கிறாள். நான் அப்படி வைக்கவில்லை. முதல் வரைவிலும் வைத்ததாக ஞாபகம் இல்லை.

"ஏன் இப்படி ஏறி இறங்குற? கத்தியைக் கீழ வச்சா யார் தூக்கிட்டுப் போகப்போறா?" என்றார் கணவர்.

"கீழ இருந்தா பயமா இருக்கு."

"யாருக்கு என்ன ஆகும்னு பயம்? இருக்கிறது நீயும் நானும்."

அவள் முக்காலியில் நின்றவாக்கில் கீழே சுவரைப் பார்த்தாள். தரையை ஒட்டியிருந்த ப்ளக் ஓட்டைகளில் டேப் ஒட்டியிருந்தது.

"இதை யாருங்க ஒட்டினது?"

"நீதான் ஒட்டியிருப்ப. நான் கரென்ட் வேலை பார்க்கிறவன், ஓட்டையை டேப் போட்டு மூடுவேனா?"

"எப்ப ஒட்டினேன்?"

"என்னைக் கேட்டா?" என்று சிரித்தார். அவருக்கு அது சிரிக்கிற விஷயம்.

கம்ப்ரஸர் அறையைத் தாண்டும்போது அவள் நடையைக் குறைத்துக்கொள்கிறாள், உள்ளே யாரோ தூங்குகிறாற்போல. ஒருநாள் காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் அந்த அறை வாசலுக்கு வந்து, நிலைப்படியில் கை வைத்து, வாயைத் திறந்து

திறந்து என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். எழுப்ப வந்தாள். எழுப்ப ஆள் இல்லாததால் அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். அவளும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கம்ப்ரஸரின் மேல் இருந்த தூசியைத் துடைத்தாள். பிறகு அவருக்குக் கேட்காமல் அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று தெரியாத அழுகை, பார்க்கச் சகிக்கவில்லை.

5

அடுத்த ஜாடி வந்தது. அதே ஊற்றறை.

லென்ஸக்கா கிண்ணத்தில் கவிழ்த்துப் பார்த்தாள். பார்த்தவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"அண்ணே, இது இன்னைக்கு அள்ளினதா?"

"காலையில அள்ளினது. ஏன், பழைய வாசம் அடிக்குதா?"

"எல்லாத்துக்கும் இடது பக்கம் கால் இல்ல."

"ஜாடியைக் குலுக்கிட்டேன்னு என் தலையில கட்டாதம்மா. பக்கத்து சீட்ல உட்கார வச்சு பெல்ட் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கூனிக்குக் கால் சட்டென்று உதிரும், குலுக்கினால் போதும். ஆனால் குலுக்கினால் இரண்டு பக்கமும் உதிரும். இவற்றுக்கு வலது பக்கம் ஒரு முள் குறையவில்லை. இடது பக்கம், அவள் போன தடவை எதையெதைக் கழற்றினாளோ அதது மட்டும் இல்லை. ஊசியை வைத்து வாயைத் திறந்து பார்த்தாள். இடது தாடையும் இல்லை. தாடை தானாகக் கழன்று விழாது. அது இல்லாமல் எந்தப் பிராணியும் இப்படி நீந்தித் திரியாது.

பெண் கூனிகளைப் புரட்டினாள். நெஞ்சுக்குக் கீழே தகடுகள் விரிந்து, கூடையாகக் கூடி, எதையோ பொத்திப் பிடித்த மாதிரி இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. காலிக் கூடையைச் சுமந்தபடி அவை ஒருக்களித்து நீந்தின. ஒன்றுகூட அதைத் திறந்துவிடவில்லை.

"நான் ஒண்ணைத்தானே பிரிச்சேன்" என்றாள் லென்ஸக்கா.

ஜாடிக்காரர் இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணு சொன்னா சிரிக்கக்கூடாது. அந்த அறைக்குள்ள ஒரு சத்தம் கேட்குது. முன்னெல்லாம் கிடையாது."

"என்ன சத்தம்?"

"தண்ணிச் சத்தம் இல்ல. யாரோ தம்ளர்க்குள்ள வாயை வச்சு ஊதுற மாதிரி."

அவள் கையிலிருந்த ஊசி மேசையில் விழுந்து உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை.

(அந்தச் சத்தத்தை நான் வைக்கவில்லை. இவ்வளவு பொருந்திப்போகிற விஷயத்தை நான் வைக்கவே மாட்டேன், எனக்கும் கொஞ்சம் ரசனை இருக்கிறது. இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, மேசை ஓரத்துத் தம்ளரின் தட்டை எடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உயிரோடுதான் இருந்தது. வலது பக்கம் கால்கள் இருந்தன. இடது பக்கத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. தட்டைத் திரும்பக் கவிழ்த்துவிட்டேன்.)

6

சரி, தப்பு என்னுடையது, திருத்திவிட்டால் போச்சு என்று நினைத்தேன். எழுதுகிறவன் கையில் இல்லாத அதிகாரமா? அறையிலிருந்து கம்ப்ரஸர்களை எடுத்தேன். நாற்காலியைத் திரும்பப் போட்டேன். முதல் வரைவில் இருந்த அதே சொற்களைத் தேடித் தேடி எழுதினேன். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. பொத்தான் முதுகுப் பக்கம்.

சின்ன அறையிலிருந்து பாப்பா வந்தாள்.

கணவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். லென்ஸக்கா அடுப்பிலிருந்து திரும்பினாள். குழந்தை மேசைக்கு வந்து தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தது. குடித்துவிட்டுக் கீழே வைத்தது. 'ஊதினாள்' என்று எழுதினேன். சொல் தாளில் இருந்தது, வீட்டில் சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை எழுதினேன். குழந்தை தம்ளரையும் என்னையும், அதாவது மேலே எங்கோ ஓர் இடத்தையும், மாறி மாறிப் பார்த்தது.

லென்ஸக்கா அதன் முன்னால் மண்டி போட்டாள். அதன் இடது கையை எடுத்து விரல்களை விரித்தாள். ஒவ்வொரு விரலாக, நகம் நகமாகப் பார்த்தாள். கூனியின் காலை அவள் அப்படிப் பார்ப்பதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். பிறகு கையை மெதுவாக விட்டாள்.

"யாரு கண்ணு நீ? யார் வீட்டுப் பிள்ளை?"

"தெரியல" என்றது குழந்தை.

"பக்கத்து வீட்டுக்கு யாராவது வந்திருப்பாங்க. கொண்டுபோய் விட்டுட்டு வா" என்றார் கணவர், பேப்பரைத் தூக்கிக்கொண்டே.

அந்தப் பக்கத்தை அழிக்கக் கை போனது, போன கை நின்றது. ஒரு தடவை எடுத்ததற்கே இவ்வளவு. இதையும் எடுத்தால் அடுத்த ஜாடியில் என்ன வரும்? அழிக்காமல் மூடிவைத்துவிட்டேன். அந்தக் குழந்தை இன்னும் அந்த மேசை ஓரத்தில் நின்றுகொண்டிருக்கலாம். அதற்காகவும் எனக்கு வருத்தம்தான். அது என்ன பாவம் பண்ணியது?

7

முடிவுக்கு என்னிடம் சில வழிகள் இருந்தன.

ஒன்று, நோய். ஊற்றில் ஏதோ தொற்று, அதனால் ஒரு பக்கம் உறுப்பு வளரவில்லை என்று லென்ஸக்கா அறிக்கை எழுதுகிறாள். படிக்கிறவர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடலாம். எழுதிப் பார்த்தேன். அறிக்கை எழுதும்போதே அவள் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்தாள். அறிக்கை பாதியில் நிற்கிறது.

இன்னொன்று, இடப்பக்கமே இல்லாத புது இனம் என்று அறிவித்து அவள் பெரிய ஆளாகிறாள். கூடப் பிறந்ததா, பிறகு வந்ததா என்று கேட்கத் தெரிந்தவளை இப்படி எழுத எனக்கு வாய் கூசுகிறது.

மற்றதை நான் எழுதவில்லை, அவளே செய்தாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜாடிக்காரரின் வண்டியில் ஏறினாள்.

"மாதிரியைத் திரும்பக் கொண்டு விடுற வழக்கம் உண்டாம்மா?" என்றார் அவர்.

"கிடையாது."

"மேல கேட்டா?"

"நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க வெளியிலயே நில்லுங்க அண்ணே."

நல்ல வெயில். இரும்புக் கதவைத் தள்ளிக் குனிந்து நுழைந்தாள். உள்ளே கல்லின் ஈரமும் இருட்டும். முழங்கால் அளவுத் தண்ணீர், அடி தெரியவில்லை. கிண்ணத்தைச் சாய்த்தாள். குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. இருட்டுக்குள்ளிருந்து வெள்ளையாகச் சில, ஒருக்களித்தபடி, அவற்றை நோக்கி வந்தன.

அப்போது சத்தம் கேட்டது. 'ஊ' என்று, கல்லுக்குப் பின்னாலிருந்து, மூச்சு விட்டு விட்டு. லென்ஸக்கா பயப்பட்டிருக்க வேண்டும். பயப்படவில்லை. அவள் விரல்கள் காற்றில், யார் முதுகிலோ ஒரு பொத்தானைப் போடுகிறாற்போல அசைந்தன. அசைவதை அவளே பார்த்தாள். யார் என்று அவளுக்குத் தெரியாது. முகம் தெரியாது, வயது தெரியாது. ஆனாலும் வாய் தானாகத் திறந்தது.

"போதும்டி, தம்ளர் அழுவுது."

சத்தம் நின்றுவிட்டது.

இதற்கு ஒரு பதில் உண்டு. அந்தப் பதில் வந்துவிட்டால் லென்ஸக்காவுக்கு மகள் உண்டு. வராவிட்டால், கல்லறை மாதிரி ஓர் அறையில் காலிக் கிண்ணத்தோடு குனிந்து நிற்கிற ஒருத்தி மட்டும்தான். நான் எழுதிப் பார்த்தேன், மறைக்கவில்லை. நான் எழுதுவதெல்லாம் பிறகு முளைத்ததாகவே வருகிறது. அவளுக்குக் கேட்டவுடனே தெரிந்துவிடுகிறது. "யாரு கண்ணு?" என்கிறாள்.

என் தம்பி காதில் வாங்கவில்லை; நான் வெட்டுவதற்கு முன்னால் அந்தக் குழந்தை பேசியதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். தம்ளர் அழுகிறது என்றதற்கு அவள் சொன்ன இரண்டே சொல். அது உங்களிடம் முழுசாக இருக்கிறது, இரண்டு பக்கமும் சேதமில்லாமல். நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

சத்தமாகச் சொல்லவேண்டும் என்றுகூட இல்லை. வெளியே ஜாடிக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே அவள் இன்னும் நிமிரவில்லை. காதைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், காத்துக்கொண்டிருக்கிறாள்.